பெரிய வீதியில் வண்டி அவிழ்ப்பது குறித்து

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து போர்டுக்கு நான் எழுதிய ஆட்சேபணை மனுவாகப் பிறந்தது. போர்டு ஆபீசில் அதை வாங்கி வைத்திருந்து, ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள்: "மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மேலும் இதில் பல பேர் பேசுகிறார்கள். மனுவில் மனுதாரர் மட்டுமே பேச வேண்டும்."

அவர்கள் சொன்னது நியாயம்தான். நான் நூல் கடைக் குமாஸ்தா. பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பும் வியாதியும் உண்டு. பத்திரிகைக்காரர்கள் என் கதையைத் திருப்பி அனுப்பும்போது, "இது மனுவைப் போல் இருக்கிறது" என்று எழுதுவார்கள். போர்டுக்காரர்கள் மனுவைத் திருப்பி, "இது கதையைப் போல் இருக்கிறது" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் வேண்டாம் என்ற சரக்கை இப்போது உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

பேச்சுகளையெல்லாம் வெட்டிவிட்டு ஒரே பக்கத்தில் மறுபடியும் மனு எழுதிக் கொடுத்தேன். அதை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டதால் வந்த கேட்டைப் பின்னால் சொல்கிறேன். வெட்டிப் போட்ட பேச்சுகளும், அதற்குப் பிறகு நடந்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கதை. என் தங்கை ராமாயியின் மகள் கண்ணாத்தாளுக்குக் கல்யாணம் நடக்குமா, நடந்தால் யாரோடு, என்பதுதான் இதில் உள்ள ஒரே கேள்வி. மற்றதெல்லாம் வண்டியும் மாடும்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். எடப்பாடிக்கும் சங்ககிரிக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு. போர்டுக்கு ஒரு பிரசிடெண்ட் இருக்கிறார், மெம்பர்கள் இருக்கிறார்கள், ஒரு பியூன் இருக்கிறார், பியூனிடம் ஒரு விசில் இருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு ஊரில் எதையாவது தடை செய்யாமல் எப்படிச் சும்மா இருப்பது?

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'ஆவணி மாதத்து இளவெயிலில் பெரிய வீதி பொற்றகடு விரித்தாற்போல்—'

இதை விட்டுவிட்டேன். பெரிய வீதியில் விரித்துக் கிடப்பது சாணம். தெரிந்தே பொய் எழுத முடியவில்லை.

இரண்டாவது: 'வண்டி என்பது மனித நாகரிகத்தின் ஆதி—'

இதை உரக்கப் படித்துப் பார்த்தபோது என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "ஏனுங்க, மொதல்ல ஆரு வண்டின்னு சொல்லுங்க. பொறவு நாகரிகத்துக்குப் போலாம்" என்றாள். அவள் என் கதை எதையும் முழுதாகக் கேட்டதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது: பிரசிடெண்ட் குமாரசாமி ஒரு பிளஷர் கார் வாங்கினார்.

இது போதும். இதிலேயே எல்லாம் இருக்கிறது. பெரிய வீதியில் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, அவிழ்த்துவிட்ட வண்டிகள் நிற்கும். மாடுகள் நடு வீதியில் படுத்து அசைபோடும். சேலத்திலிருந்து கார் வந்த முதல் நாள் பிரசிடெண்ட் உள்ளே அமர்ந்து ஹாரனை அமுக்கினார். மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு கீழே இறங்கி அதட்டிப் பார்த்தார். ஒரு மாடு மட்டும் எழுந்து கொஞ்சம் தள்ளி, இன்னும் வாகாகப் படுத்துக்கொண்டது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பிரசிடெண்ட் காரைச் சாவடியில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் தமுக்கு அடித்தார்கள். பெரிய வீதியில் இனி எவரும் வண்டி அவிழ்க்கக் கூடாது. மாடு பூட்டியபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், ஆனால் நுகத்தை இறக்கக் கூடாது. அவிழ்த்தே ஆக வேண்டியவர்கள் வடக்கே பாவடிக்குப் போக வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் மாத முடிவுக்குள் எழுத்து மூலமாகக் கொடுக்கலாம்.

(பாவடி தெரியாத வாசகருக்கு: நெசவுக்காரர்கள் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நூலை, நீளமாக விரித்துக் கட்டிக் கஞ்சி போடுகிற மைதானம். சேலத்துப் பக்கத்து வாசகர் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகலாம். தாண்டாமல் படித்துவிட்டுச் சிரித்தாலும் சரி.)

3

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுவரை தங்களிடம் ஆட்சேபணை என்று ஒன்று இருப்பதே தெரியாது. கேட்ட பிறகுதான் தேடிப் பார்த்தார்கள். ஒவ்வொருவரிடமும் மூட்டை மூட்டையாக இருந்தது. எழுதிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

புண்ணாக்குக் கடை மொய்தீன் ராவுத்தர் முதலில் வந்தார். "வண்டி நிக்காம புண்ணாக்கு எப்படிங்க விக்கும்? மாடு படுத்திருந்தாத்தான் வண்டிக்காரனுக்குத் தீனி ஞாபகம் வரும். தடை போடட்டும், வேண்டாங்கல. எங்கடை முன்னால மட்டும் விட்டுட்டுப் போடட்டும்" என்றார். இதை எழுதினேன்.

நெசவுக்காரர்கள் சேர்ந்து வந்தார்கள். பெரிய வீதியில் வண்டி நிற்பதும் நிற்காததும் அவர்களுக்கு ஒன்றுதான். பாவடிக்கு மாடு வரக் கூடாது. "பாவுல கஞ்சி போட்டு வெச்சிருப்போம். மாடு வந்து ஒரு நக்கு நக்கிச்சுன்னா நூல் போச்சுங்க" என்றார்கள். இதையும் எழுதினேன்.

ஒருவருக்கு வண்டியும் இல்லை, மாடும் இல்லை, வீதியில் வீடும் இல்லை. "இல்லாதவனுக்கும் சேத்து எதுக்குத் தடை போடறாங்க? அதுதான் என் ஆட்சேபணை" என்றார். மிகவும் கோபமாக இருந்தார். அதையும் எழுதினேன்.

மெம்பர் சின்னுசாமியின் ஆட்சேபணை தனி ரகம். அவர் தடையை ஆதரித்துத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர். வீட்டுக்குப் போன பிறகுதான் சாண ஞாபகம் வந்திருக்கிறது. மாடுகள் எல்லாம் பாவடிக்குப் போய்விட்டால் சாணமும் அங்கேதானே விழும்? அவருடைய தோட்டத்துக்கு எரு ஏது? "நான் மெம்பர். எம் பேர்ல எழுதாதீங்க. பொதுநலம்னு எழுதுங்க" என்றார். பொதுநலம் என்று எழுதினேன்.

கடைசியாக ராமாயி வந்தாள். அவள் வீடும் பெரிய வீதியில்தான். மற்றவர்கள் ஆட்சேபணையோடு வந்தார்கள். அவள் பயத்தோடு வந்தாள்.

4

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணை உறுதி செய்ய மாப்பிள்ளை வீட்டார் வரும் வண்டி, பெண் வீட்டு வாசலில் நுகத்தை இறக்க வேண்டும். பெண் வீட்டார் மாடுகளுக்குத் தொட்டியில் தண்ணீர் வைப்பார்கள். மாடு தலை குனிந்து குடித்தால் சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகுதான் வெற்றிலைத் தட்டு மாறும். மாப்பிள்ளை வீட்டாருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் நுகத்தை இறக்க மாட்டார்கள். வாசல்வரை வந்து, நலம் விசாரித்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். மாடு தண்ணீரில் வாய் வைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அப்படியே. யாரும் வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

(இதை எழுதிய இடத்தில் முதல் பிரதியில் 'என்ன அழகான வழக்கம்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. ஏன் எடுத்துவிட்டேன் என்பது கடைசிப் பகுதியில் தெரியும்.)

கண்ணாத்தாளுக்கு அந்த வரன் நான் பார்த்தது. பையனின் தகப்பனார் நாச்சிமுத்து, சங்ககிரிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். ஆவணியில் உறுதி செய்ய வருவதாகச் சொல்லியிருந்தார். வெகு ரோஷக்காரர். ராமாயிக்குப் புருஷன் இல்லை. இந்த ஒரு பெண்தான்.

"அண்ணா, வண்டிய வாசல்ல அவுக்கக் கூடாதுன்னா அவிய எப்புடி அவுப்பாங்க? அவுக்கலைன்னா பொண்ணு வேண்டாம்னுதான ஊரு பேசும்?" என்று கேட்டாள். "அந்தப் பேச்சு ஒருக்கா வந்துருச்சுன்னா பொறவு ஆரு வருவாங்க?"

இதைத்தான் நான் பக்கம் பக்கமாக எழுதினேன். வழக்கம், வாசல், தண்ணீர்த் தொட்டி, தங்கையின் கண்ணீர் எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் ஒரு உவமைகூட வைத்தேன். திரும்பி வந்தது. பிறகு ஒரு பக்கத்தில், 'மேற்படி வீட்டில் சுபகாரியம் உள்ளபடியால் மேற்படி வண்டியை மேற்படி வாசலில் அவிழ்க்க அனுமதிக்கக் கோருகிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று 'மேற்படி' இருந்ததால் அது மனுவாகிவிட்டது. மற்றவர்களுடையதையும் ஆளுக்கு ஒரு மனுவாகப் பிரித்து எழுதிக் கொடுத்தேன்.

5

போர்டு கூட்டத்தை வர்ணிக்க வேண்டும். வர்ணிக்கும் அளவுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை. பிரசிடெண்ட் எல்லா மனுவையும் வாசிக்கச் சொன்னார். ஒவ்வொன்றின் முடிவிலும் "நியாயமான ஆட்சேபணை, ஏற்றுக்கொள்ளப்படுகிறது" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். ராமாயி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பிறகு பிரசிடெண்ட் தீர்ப்பை வாசித்தார். அனைத்து ஆட்சேபணைகளும் ஏற்கப்பட்டுவிட்டபடியால் ஊரில் இனி ஆட்சேபணை எதுவும் மிச்சமில்லை. ஆகவே தடை நாளை முதல் அமலுக்கு வருகிறது. நெசவுக்காரர்களின் ஆட்சேபணையை ஏற்றுப் பாவடியிலும் வண்டி அவிழ்க்கத் தடை. பொதுநலத்தை முன்னிட்டு வீதியின் மேற்குக் கோடியில், அகலமாக இருக்கிற ஓர் இடத்தில் மட்டும் அவிழ்க்கலாம். அந்த இடம் மெம்பர் சின்னுசாமி வீட்டு வாசல்.

மொய்தீன் ராவுத்தர் எழுந்து, "எம் மனுவையும் ஏத்துக்கிட்டீங்களே?" என்று கேட்டார்.

"ஏத்துக்கிட்டோம்ங்க. அதில் சந்தேகமே வேண்டாம்" என்றார் பிரசிடெண்ட்.

ராவுத்தர் சற்று யோசித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஏற்றுக்கொண்டவர்களோடு எப்படிச் சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

6

ஆவணியில் ஒரு நல்ல நாள் காலை. இந்தப் பகுதியை எப்படி எழுதினாலும் தப்பு. சிரிக்கிற மாதிரி எழுதினால் ராமாயிக்குத் துரோகம். அழுகிற மாதிரி எழுதினால் மாடுகளுக்குத் துரோகம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நாச்சிமுத்து கூண்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளே அவர் மனைவி, உறவுக்காரர்கள், மாப்பிள்ளை.

(மாப்பிள்ளைக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டேன் என்று இப்போதுதான் தெரிகிறது. நிஜத்தில் அவனுக்குப் பெயர் உண்டு. யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'பையன்' என்றுதான் எல்லோரும் சொன்னோம். அவன் முகத்தை வர்ணிக்கலாமென்றால், கூண்டை விட்டு அவன் இறங்கவே இல்லை. கதையில் இவன் ஒரு பாத்திரம்தானா என்றே எனக்குச் சந்தேகம். இருந்தாலும் இவனை வைத்துத்தான் இத்தனை கூத்தும்.)

ராமாயி வீட்டு வாசலில் பந்தல். தொட்டியில் தண்ணீர். நாச்சிமுத்து நுகத்தில் கை வைத்தார். பியூன் சின்னராஜ் விசிலை ஊதினார்.

"பெரியவரே, நுகத்த எறக்கீராதீங்க. நிக்கறதுன்னா நில்லுங்க, மாட்டோட நில்லுங்க" என்றார்.

ராமாயி ஓடிவந்தாள். "சாமி, நான் ஆட்சேபணை எழுதிக் குடுத்திருக்கறேன். ஏத்துக்கிட்டாங்களே."

"ஏத்துக்கிட்டாங்கம்மா. ஏத்துக்கிட்டுத்தான் தடை போட்டிருக்காங்க" என்றார் சின்னராஜ். அவர் கெட்டவரில்லை. சொல்லும்போது அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

நாச்சிமுத்து சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். ஆனால் நுகத்தை இறக்காமல் பெண் வீட்டு வாசல்படியை மிதிக்க மாட்டார். அவிழ்க்க வேறு இடம் பார்த்து வருகிறேன் என்று வண்டியை ஓட்டினார். பாவடிக்குப் போனார், நெசவுக்காரர்கள் பாவை விரித்து வைத்துக்கொண்டு குறுக்கே நின்றார்கள். சாவடிக்குப் போனார், அங்கே பிரசிடெண்டின் கார் நின்றது. மேற்குக் கோடி இன்னொருவர் வீட்டு வாசல் என்பதால் அங்கே அவிழ்க்க அவருக்கு மனமில்லை. மறுபடி ராமாயி வாசலுக்கே வந்தார். அதற்குள் சின்னராஜ் மனம் இளகியிருப்பார் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. சின்னராஜ் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

இப்படி வண்டி சுற்றிச் சுற்றி வந்தது. வாசலுக்கு வரும்போதெல்லாம் பந்தலில் இருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். போனதும் உட்கார்ந்தார்கள். ராமாயி தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். நான் பந்தலில் நின்று, வாயில் வந்த சட்டமெல்லாம் பேசினேன். யாரும் கேட்கவில்லை. கண்ணாத்தாள் கதவுக்குப் பின்னால் புதுப் புடவையில் நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

விடியுமுன்னே கிளம்பி வந்த மாடுகள். வெயில் ஏறிவிட்டது. கடைசிச் சுற்றில் வண்டியைத் திருப்ப மேற்குக் கோடிக்குப் போனபோது இடப்பக்கத்து மாடு, பூட்டியபடியே, சின்னுசாமி வீட்டு வாசலில் படுத்துவிட்டது. நாச்சிமுத்து வேறு வழியில்லாமல் நுகத்தை இறக்கினார். சின்னுசாமியின் மனைவி முத்தாயம்மாள் வெளியே வந்தாள். "வாயில்லாச் சீவன் தவிச்சுப் போச்சே" என்றபடி தவிடு கலந்த தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

மாடு தலை குனிந்து குடித்தது.

வீதியில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். முத்தாயம்மாள் நிமிர்ந்து எல்லோருடைய முகத்தையும் பார்த்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் வீட்டிலும் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள், பாப்பாயி.

(ஒரு பிரதியில் முத்தாயம்மாள் திட்டம் போட்டே தண்ணீர் வைத்ததாக எழுதியிருந்தேன். கதைக்கு அது நன்றாகத்தான் இருந்தது. அவள் அதைக் கேள்விப்பட்டு என் வீட்டுக்கு வந்து, "ஏனுங்ண்ணா, மாட்டுக்குத் தண்ணி வெக்கறதுக்குக் கூடவா போர்டைக் கேட்டுட்டு வெக்கோணும்?" என்று கேட்டாள். மாற்றிவிட்டேன்.)

நாச்சிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சின்னுசாமியின் வீட்டைப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் தெரிந்த கிணற்றையும் தென்னையையும் பார்த்தார். "எம் மாடு குடிச்ச தண்ணிக்கு நான் மரியாதை குடுக்கோணும்ல" என்று பொதுவாகச் சொன்னார். சின்னுசாமி, "எல்லாம் பொதுநலந்தானுங்க" என்றார்.

ராமாயி தொட்டித் தண்ணீரைக் காலால் தள்ளிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சுப்போடாது.

7

விவகாரம் போர்டுக்குப் போனது. தடையினால் வேறு வாசலில் அவிழ்த்தால் அது அவிழ்த்ததாகுமா, அந்த மாடு குடித்தால் அது குடித்ததாகுமா? பிரசிடெண்ட் ஒரு சப்-கமிட்டி போட்டார். அதில் சின்னுசாமியையும் போட்டார், சம்பவம் நடந்த வாசலை நன்றாக அறிந்தவர் என்ற காரணத்தால். மறுபடியும் தமுக்கு அடித்தார்கள். மேற்படி சம்பந்தம் எந்த வீட்டுக்கு உரியது என்பதில் ஆட்சேபணை உள்ள குடும்பத் தலைவர்கள் மாத முடிவுக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

ஊர் மறுபடி என் வீட்டுக்கு வந்தது. இந்தத் தடவை, "நான் மனு எழுதுவதாக இல்லை, கதை எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. எல்லோரும் கதைக்கு ஆட்சேபணை சொல்ல ஆரம்பித்தார்கள்.

முதல் முடிவு இப்படி எழுதினேன்: நாச்சிமுத்து மனம் மாறி மறுபடி வருகிறார். சின்னராஜ் விசிலைத் தூக்கி எறிகிறார். ராமாயி வாசலில் நுகம் இறங்குகிறது. மாடு குடிக்கிறது, கல்யாணம் நடக்கிறது.

சின்னராஜ் ஆட்சேபித்தார். "விசில் போர்டு சொத்துங்க. தூக்கி எறிஞ்சேன்னு எழுதினா என் வேலை போயிரும். வேணும்னா தொலைஞ்சு போச்சுன்னு எழுதுங்க."

இரண்டாம் முடிவு: பாப்பாயிக்கும் பையனுக்கும் கல்யாணம். ராமாயியின் வாசலில் வண்டி நிற்கவே இல்லை. அவள் வெறும் வீதியைப் பார்த்தபடி—

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ராமாயி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அப்புடியே எழுதீரு அண்ணா. அதுதான நடக்கப் போவுது" என்றாள். பேனாவை வைத்துவிட்டேன்.

மூன்றாம் முடிவு: போர்டு கலைகிறது. தடை ரத்தாகிறது. இது சர்க்காரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்பதால் கதைக்குள் கொண்டுவர எனக்கு அதிகாரமில்லை. தவிர, வண்டிகள் திரும்பி வந்தால் போதும், மாப்பிள்ளை யாருக்கோ போகட்டும் என்று மொய்தீன் ராவுத்தர் சொன்னார். பாவம், அவர் கவலை அவருக்கு.

மூன்றையும் வரிசையாக வைத்து, 'வாசகரே, உமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும்' என்று எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இந்த மாதிரிக் கதையில் அப்படி முடிப்பது தந்திரம். எனக்கும் ஓய்வு, உங்களுக்கும் பெருமை.

8

அன்று மதியம் கண்ணாத்தாள் வந்தாள். கையில் எனக்குச் சோளச் சோறு. என் வீட்டுக்காரி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள்.

"மாமா, என்னைய வெச்சு ஏதோ எழுதறீங்களாமா. படிங்க கேக்கறேன்" என்றாள்.

படித்தேன். பிளஷர் காரும் மாடும் வருகிற இடத்தில் சிரித்தாள். சாணம் வருகிற இடத்தில் இன்னும் சிரித்தாள். வண்டி சுற்றி வருகிற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று முடிவையும் கேட்டு முடித்தாள்.

"எப்படி அம்மிணி இருக்குது?" என்று கேட்டேன். எழுதுகிறவனுக்கு எந்த நேரத்திலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

"நல்லாத்தான் இருக்குதுங்க மாமா. எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்குது. சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

"இதுல எல்லாரும் பேசறாங்க. ராவுத்தர் பேசறாரு, பியூன் பேசறாரு, அத்தை பேசறாங்க. நான் எங்கீங்க பேசறேன்?"

நான் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்றாள் என்று ஒரு வரி இருந்தது.

"வண்டிய எங்க அவுக்கறதுன்னு ஊரெல்லாம் தமுக்கு அடிச்சுக் கேட்டாங்க. ஒரு மாசம் டைம் குடுத்தாங்க. மாடு இல்லாதவங்க கூட ஆட்சேபணை சொன்னாங்க. நான் ஆயுசுக்கும் எந்த ஊட்டுல இருக்கறதுன்னு ஆரு எங்கிட்டக் கேட்டாங்க? நீங்க பாத்துட்டு வந்தீங்க. அம்மா சரின்னாங்க. பாப்பாயியும் நானும் தெனம் கெணத்தடியில பேசிக்கறோம். அவளையும் ஆரும் கேக்கல. அந்தப் பையன், கூண்டுக்குள்ளயே உக்காந்திருந்தானே, அவனையாவது ஆராச்சும் கேட்டாங்களா?"

அவள் குரல் உயரவில்லை. சோளச் சோற்றில் ஈ உட்காராமல் கையால் விசிறிக்கொண்டே பேசினாள்.

"மாட்டுக்கு முன்னால தண்ணி வெக்கறீங்க. அதுக்கு வேண்டாம்னா மூஞ்சியத் திருப்பிக்கலாம். ஊரே நின்னு பாத்துச் சரின்னு கேட்டுக்கும். எம் முன்னால என்னங்க மாமா வெச்சீங்க?"

 வெட்கமாக இருந்தது. முன்னால் எழுதியிருந்த 'என்ன அழகான வழக்கம்' என்ற வாக்கியத்தை அவள் எதிரிலேயே அடித்தேன். அதை அவள் கவனிக்கவில்லை. அது அவளுக்கு முக்கியமும் இல்லை.

பிறகு, "சரி அம்மிணி. இப்பக் கேக்கறேன். அந்தச் சம்பந்தம் உனக்கு வேணுமா, வேண்டாமா? வேற ஏதாச்சும் மனசுல இருக்குதா?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு சொன்னாள். தயங்காமல் சொன்னாள், காரணத்தோடு சொன்னாள். பல நாளாக யோசித்து வைத்திருந்த பேச்சு என்று தெரிந்தது.

நான் பேனாவை எடுத்தேன்.

"எழுதாதீங்க மாமா" என்றாள். "எழுதினா ஊரு படிச்சுப் போட்டு அதுக்கும் ஆட்சேபணை போடும். மொதல்ல எங்கம்மாகிட்ட நானே சொல்லோணும். நீங்க வேணும்னா கூட வந்து நில்லுங்க. பேச வேண்டாம்."

கூடப் போனேன். பெரிய வீதியில் வண்டி எதுவும் இல்லை, நடக்கச் சுலபமாக இருந்தது. ராமாயி அடுப்படியில் இருந்தாள். கண்ணாத்தாள் அவள் எதிரில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். பேசவில்லை.

ராமாயி முதலில்—

வேண்டாம். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வாசகரே, முடிவு எனக்குத் தெரியும், நான் சொல்லப் போவதில்லை. முன்னே எழுதிய மூன்றில் ஒன்றா என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் இல்லை. நீங்களாக ஒரு முடிவைக் கட்டிக்கொள்ளவும் உங்களுக்கு அனுமதியில்லை. ஊரில் அதைச் செய்ய ஏற்கெனவே போதுமான பேர் இருக்கிறார்கள். தெரிந்தே ஆக வேண்டும் என்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள். பிரசிடெண்டைக் கேட்காதீர்கள், சப்-கமிட்டியைக் கேட்காதீர்கள், என்னையும் கேட்காதீர்கள். பெரிய வீதியில் ராமாயி வீடு எது என்று கேட்டு, உள்ளே போய், கண்ணாத்தாளையே கேளுங்கள். கேட்டால் சொல்லுவாள்.